உளவியல் வரலாற்றுத் தாள்: விடைக்குறிப்பும் மொழிபெயர்ப்பும்

உளவியல் பட்டப்படிப்பில் இடம்பெறும் வரலாற்றுத் தாள் ஏனைய தாள்களினின்று ஒரு வகையில் வேறுபட்டது. புள்ளியியல் தாளிலும் சோதனைத் தாளிலும் கலைச்சொல் ஒரு கருவி. எல்லாரும் ஒரே கருவியை எடுத்தாள்வது வசதி. வரலாற்றுத் தாளிலோ கலைச்சொல்லே பாடப்பொருளாகி விடுகிறது. ஒரு சொல் எம்மொழியில் தோன்றியது, எவர் கைவழியே வேற்றுமொழிக்குச் சென்றது, சென்றவிடத்தில் எப்பொருளை இழந்தது என்பன அவ்வரலாற்றின் புறச்செய்திகள் அல்ல; அவ்வரலாற்றின் பெரும்பகுதியே அவைதாம். விடைத்தாள் திருத்தும் முறை இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. கருவிச் சொல்லுக்கு உரிய அளவுகோலால் வரலாற்றுச் சொல்லையும் அது அளக்கிறது. இதன் விளைவாக, மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு பிழை விடைக்குறிப்பில் ஏறி அமர்ந்து, பிழையை அறிந்த மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கும் நிலை உண்டாகிறது.

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார் என்பதும், அவர் முறை 'அகநோக்கு' என்பதும் இத்தாளின் முதற்பாடம். ஆயின் வுண்ட் தம் செருமானிய எழுத்தில் இரு சொற்களைப் பிரித்தே ஆண்டார். 'செல்ப்ஸ்ட்பெயோபாக்டுங்' என்பது தன்னைத்தானே உற்றுநோக்கல். 'இன்னரே வார்னேமுங்' என்பது உள்நிகழ்வை நிகழும்போதே உணர்தல். முன்னதை அறிவியல் முறையாக ஏற்க அவர் மறுத்தார். பின்னதை, ஆய்வுக்கூடக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தி ஏற்றார். 1888இல் இவ்விரு சொற்களையும் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரையும் எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டும் 'இன்ட்ராஸ்பெக்‌ஷன்' என்ற ஒரே சொல்லுள் அடங்கிப் போயின. இதனைக் கர்ட் டான்சிகர் 1980இல் விரிவாக எடுத்துக்காட்டினார். வுண்ட்டின் மாணவர் டிச்னர் வளர்த்த முறையை வுண்ட்டின் மீதே ஏற்றிப் பார்க்கும் வழக்கமும், டிச்னரின் மாணவர் போரிங் 1929இல் வெளியிட்ட வரலாற்று நூலின் செல்வாக்கால் வேரூன்றியது. ஆர்தர் புளூமெந்தால் 1975இல் இதனை மறுத்து எழுதிய பின்னும் பாடநூல்கள் பல அவ்வழியிலேயே நடந்தன.

தமிழ் 'அகநோக்கு' ஆங்கிலத்தின் வழி வந்த சொல். ஆதலின் ஆங்கிலத்தில் இல்லாத பிரிவு தமிழிலும் இல்லை. 'வுண்ட்டின் அகநோக்கு முறையை விளக்குக' என்ற வினாவிற்கு, வுண்ட் தன்னை உற்றுநோக்கும் முறையை ஏற்கவில்லை என்று ஒரு மாணவர் தொடங்குகிறார் எனக் கொள்க. விடைக்குறிப்பை மட்டும் கையில் வைத்துள்ள திருத்துநர்க்கு இது வினாவையே மறுக்கும் விடை. அவர் கண்ணில் மாணவர் பாடம் படிக்காதவர். உண்மையில் வினாவே ஒரு மொழிபெயர்ப்பு விபத்தின் மீது எழுப்பப்பட்டது.

பாவ்லவின் சொல்லும் இவ்வாறே. உருசிய மொழியில் 'உஸ்லோவ்னி' என்பது 'நிபந்தனையைச் சார்ந்த' எனப் பொருள்படும் பெயரடை. ஓர் அனிச்சைச் செயல் சில நிபந்தனைகள் கூடியபோது மட்டுமே தோன்றும் என்பதே அதன் கருத்து. 1927இல் அன்ரெப், 1928இல் கேன்ட் ஆகியோர் பெயர்ப்புகளின் வழி 'கண்டிஷன்ட்' என்ற செயப்பாட்டு எச்ச வடிவம் நிலைபெற்றது. சார்பைக் குறித்த அடை, செய்து முடிக்கப்பட்ட ஒரு வினையைக் குறிப்பதாயிற்று. தமிழ் 'ஆக்கநிலையுறுத்தப்பட்ட' என்ற தொடர் ஆங்கில எச்சத்தின் இலக்கணத்தை அப்படியே சுமக்கிறது. யாரோ ஒருவர் நாய்க்கு எதையோ செய்துவிட்டார் என்ற தொனி அதில் உண்டு. இந்தியில் வழங்கும் 'அனுபந்தன்' பிணைப்பு என்ற பொருளை முன்நிறுத்துகிறது. அது மூலத்திற்கு நெருங்கியதெனச் சொல்ல இயலாவிடினும், செயப்பாட்டு வடிவத்திலிருந்து தப்பியிருக்கிறது. தமிழில் 'நிபந்தனைக்குட்பட்ட அனிச்சை' என்றெழுதும் மாணவர் மூலத்திற்கு ஒருபடி அருகில் நிற்கிறார். ஏற்கப்பட்ட கலைச்சொல்லை ஆளவில்லை என்று அவருக்கு அரை மதிப்பெண் குறைப்பது எந்த அறிவை அளக்கும் செயல் என்பது விளங்கவில்லை.

பிராய்டிடம் வரும்போது இழப்பு சொல்லோடு நிற்காது கருத்தையும் தொடுகிறது. அவர் பெரிதும் ஆண்ட 'டிரீப்' என்ற சொல்லை ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி தம் 24 தொகுதிப் பதிப்பில் 'இன்ஸ்டிங்ட்' எனப் பெயர்த்தார். செருமானியத்திலேயே 'இன்ஸ்டிங்க்ட்' என்ற சொல் உண்டு. பிராய்டு அதனை அரிதாகவே ஆண்டார். தமிழ்ப் பாடநூல் 'இன்ஸ்டிங்ட்' என்பதற்கு 'இயல்பூக்கம்' என்ற அழகிய சொல்லை வைத்திருக்கிறது. மக்டூகலின் 1908ஆம் ஆண்டுக் கோட்பாட்டிற்கு அது முற்றும் பொருந்தும். அதே சொல்லைப் பிராய்டிற்கும் வைத்ததால், 'மக்டூகல், பிராய்டு ஆகியோரின் இயல்பூக்கக் கொள்கைகளை ஒப்பிடுக' என்று வினா எழுகிறது. வினாவின் சொல்லாட்சியே இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. பிராய்டின் 'உந்துதல்' உயிரினத்தின் பிறவி நடத்தை அமைப்பன்று. உடலுக்கும் உள்ளத்திற்கும் இடைப்பட்ட அழுத்தம் என்று எழுதும் மாணவர், வினாவோடு போராடியபடியே விடையெழுத வேண்டியுள்ளது. மார்க் சோம்ஸ் 2024இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் ஆங்கிலமே 'டிரைவ்' என்று மாறிக்கொண்டது. தமிழ் விடைக்குறிப்புகளும் இம்மாற்றத்தைக் காலந்தாழ்த்தாமல் ஏற்பது நன்று.

கலைச்சொல்லினும் நுண்ணிய சிக்கல் வினாவின் ஏவல் வினைமுற்றில் உள்ளது. இருமொழி வினாத்தாளில் 'டிஸ்கஸ்' என்பது ஓரிடத்தில் 'விவாதி' எனவும் ஓரிடத்தில் 'விவரி' எனவும் வருகிறது. முன்னது இரு பக்கங்களையும் எதிரெதிர் நிறுத்தக் கோரும். பின்னது உள்ளதை உள்ளவாறு எடுத்துரைத்தால் போதும் என்னும். விடைக்குறிப்பு ஆங்கில வினாவிற்கு எழுதப்பட்டதாயின், 'விவரி' என்பதை நம்பி விவரித்த மாணவர் 'வாதம் இல்லை' என்ற குறிப்போடு மதிப்பெண் இழப்பார். 'டிரேஸ்' என்பதற்கு 'வளர்ச்சியைத் தொகுத்துரைக்க' என வைத்தால் ஆண்டுப் பட்டியல்தான் கிடைக்கும். காரணத் தொடர்ச்சி கிடைக்காது. 'கிரிட்டிக்கலி' என்பதை 'விமர்சன நோக்கில்' என்று பெயர்த்தால், விமர்சனம் என்பது குறைகூறல் என்றே வழக்கில் பொருள்படுவதால், மாணவர் டிச்னரின் குறைகளை மட்டும் அடுக்குவார். ஐயம் நேரின் ஆங்கில வடிவமே முடிவானது என்று சில வினாத்தாள்களில் அச்சிடப்படும் குறிப்பு இச்சிக்கலைத் தீர்ப்பதாகத் தோன்றலாம். தமிழ் வடிவை மட்டும் படித்து எழுதியவர்க்கு அது தீர்வன்று, தண்டனை.

மதிப்பெண் என்பது நிலையான அளவு என்ற நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களுள் உளவியலாரும் உண்டு என்பது இத்தாளுக்கே உரிய ஒரு முரண். புள்ளியியலறிஞர் எட்ஜ்வொர்த் 1888இல் ஒரே லத்தீன் உரைநடைப் பயிற்சியை 28 தேர்வாளர்க்கு அனுப்பியபோது மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை விரிந்தன. லத்தீனில் எழுதுதல் அக்காலத்தில் பெரும்பாலும் பெயர்ப்புப் பயிற்சியே என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. வுண்ட்டின் மாணவரான கேட்டல் 1905இல் மதிப்பெண் முறை பற்றி எழுதினார். டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகியோர் 1912இல் இரண்டு ஆங்கிலத் தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர் இட்ட மதிப்பெண்கள் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும் மற்றதற்கு 50 முதல் 97 வரையும் வேறுபட்டன. மொழித்தாள் ஆதலின் இப்படி என்று கூறியவர்க்கு விடையாக மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினர். வேறுபாடு 28 முதல் 95 வரை மேலும் அகன்றது. இவ்வாய்வுகள் உளவியல் வரலாற்றின் ஒரு பகுதி. எனினும் வரலாற்றுத் தாளைத் திருத்தும் முறையில் அவற்றின் சுவடு காணப்படவில்லை.

இந்தக் கசப்பான அறிவிலிருந்து தப்பிக்கவே கொள்குறி வினாவும் கோடிட்ட இடம் நிரப்பலும் நாடப்பட்டன. திருத்துநர்க்கிடையே வேறுபாடு அங்கே மறைவது உண்மை. ஆனால் மொழிபெயர்ப்புப் பிழை அங்கேதான் முழு அதிகாரம் பெறுகிறது. கட்டுரை விடையில் மாணவர்க்கு மறுக்க இடமுண்டு, கோடிட்ட இடத்தில் இல்லை. 'அமைப்பியலின் தந்தை' என்ற கோட்டில் வுண்ட் என்றெழுதினால் மதிப்பெண்; 'அமைப்பு உளவியல்' என்ற பெயரை 1898இல் முன்வைத்தவர் டிச்னர் என்பது அங்கே எடுபடாது.

ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாகக் கொண்டு தமிழில் விடையெழுதலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமையும். கலைச்சொற்களுக்கு ஆங்கில வடிவத்தைப் பிறை அடைப்பில் தரவும் இசைவு உண்டு. இவ்விசைவு நன்மையே. ஆயினும், தமிழ்ச் சொல் தன்னளவில் நிற்காது அடைப்பிலுள்ள சொல்லே மதிப்பெண்ணை ஈட்டும் என்ற பழக்கத்தைக் கல்லூரித் தேர்விலும் இது வளர்க்கக்கூடும். அவ்வாறாயின் தமிழ்வழிக் கல்வி அடைப்புக்கு வெளியே நடப்பதாகிவிடும்.

தரப்படுத்திய சொல் இன்றி ஆயிரக்கணக்கான தாள்களைத் திருத்துவது எங்ஙனம் என்று தேர்வுத் துறையினர் கேட்பது நியாயமான வினா. ஏனைய தாள்களுக்கு அது முழுதும் பொருந்தும். வரலாற்றுத் தாளுக்கு மட்டும் விடைக்குறிப்பு சற்று நீளவேண்டும்: ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் மூலமொழி வடிவம், அது வந்த வழி, ஏற்கத்தக்க தமிழ் வடிவங்கள் இரண்டோ மூன்றோ. இருபது முப்பது சொற்களுக்கு மேல் இத்தேவை எழாது. இதனைத் தயாரிக்கும் குழுவில் செருமானியமோ உருசியமோ அறிந்த ஒருவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இடம்பெறுதல் வேண்டும். வினாவின் ஏவல் வினைகளுக்கும் ஒரு நிலைத்த பட்டியல் வேண்டும். அதனை மாணவர்க்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தருவதில் தடையேதும் இல்லை.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது என்பதற்கு வாட்சன், ரேனர் ஆகியோரின் 1920ஆம் ஆண்டு ஆல்பர்ட் சோதனை சான்று. அக்குழந்தையின் அச்சம் பின்னர்ச் சோதனையால் நீக்கப்பட்டது என்று பாடநூல்கள் சில எழுதின. அது நிகழவில்லை என்பதைப் பென் ஹாரிஸ் 1979இல் மூலக் கட்டுரையைக் கொண்டு காட்டினார். அச்சம் நீக்கப்பட்டது என்றெழுதியவர்க்கு முழு மதிப்பெண்ணும், மூலத்தைப் படித்து நீக்கப்படவில்லை என்றெழுதியவர்க்குச் சிவப்புக் கோடும் இடும் விடைக்குறிப்பு எங்கேனும் இருக்குமாயின், அதைத் திருத்தும் பொறுப்பு மாணவரைச் சார்ந்ததன்று.