சிந்தை கவர்தல்: அமலனாதிபிரானின் வினைச்சொற்கள்

எம்பெருமானுடைய வடிவழகு சேதநனைத் தன்பால் இழுப்பதைச் சொல்ல, இன்றைய உரைநடையில் கவர்ச்சி, ஈர்ப்பு, வசீகரம் என்னும் மூன்று சொற்களே பெரும்பாலும் வழங்குகின்றன. ஒன்றினிடத்தில் மற்றொன்றை இட்டாலும் பொருள் கெடாது என்ற எண்ணமும் பரவியுள்ளது. திருப்பாணாழ்வாருடைய அமலனாதிபிரானுக்கு எழுதப்படும் எளிய பொழிப்புரைகளில் இதனால் நேரும் இழப்பு பெரிது. ஆழ்வார் திருவடி தொடங்கித் திருமேனியளவும் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினையை அமைத்திருக்க, பொழிப்புரையோ அனைத்தையும் 'அழகில் ஈடுபட்டார்' என்ற ஒரு தொடருக்குள் அடக்கிவிடுகிறது.

சொற்களின் வரலாற்றைச் சிறிது நோக்கலாம். வசீகரணம் என்பது மாந்திரிக நூல்கள் கூறும் ஷட்கர்மங்களுள் ஒன்று. பிறரைத் தன் பயனுக்காக வசப்படுத்தும் செயல். ஈர்ப்பு என்றவுடன் இன்று காந்தமும் இரும்பும் நினைவுக்கு வருகின்றன, இரண்டும் அசித்து. கவர்தல் இவற்றினும் பழைய வலிமை உடையது. வெட்சித்திணையில் ஆநிரை கவர்தல் என்ற வழக்கே அதன் இயல்பைக் காட்டும்: உடையவன் காண அவன் பொருளை வலிந்து கொள்ளுதல். ஸ்ரீராமனுடைய வடிவமும் ஔதார்யமும் ஆடவருடைய கண்ணையும் சித்தத்தையும் அபஹரித்தன என்று வால்மீகி பகவான் கூறுமிடத்திலும் களவுக்குரிய வினையே உள்ளது. திரைப்பட விளம்பரங்களில் அடிபட்டுத் தேய்ந்த 'கவர்ச்சி'யில் இவ்வலிமை எஞ்சவில்லை.

இனிப் பாசுரங்களின் அமைப்பு. திருவடிகள் தாமே வந்து கண்ணுள் புகுகின்றன. அதன் பின்னரே சிந்தை திருப்பீதாம்பரத்தின்மேல் செல்கிறது. திருமார்பு ஆட்கொள்கிறது, திருக்கழுத்து உய்யக்கொள்கிறது, திருவாய் சிந்தையைக் கவர்கிறது, திருக்கண்கள் பேதைமை செய்கின்றன, திருமேனி நெஞ்சின் நிறையைக் கொள்கிறது. சிந்தை செல்வதொழிய மற்ற இவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் அவனுடைய அவயவம். ஆழ்வார் செயப்படுபொருளாகவே நிற்கிறார். 'ஆழ்வார் ஈடுபட்டார்' என்று மாற்றும்போது எழுவாய் இடம் மாறுகிறது. அருளுக்கு உரிய முதன்மை முயற்சிக்குப் போய்விடுகிறது. இலக்கணப் பிழையாகத் தோன்றும் இது உண்மையில் ஸித்தாந்தத்தைத் தொடும் பிழை.

மற்றொரு நுட்பமும் உண்டு. உந்தி, மார்பு, கழுத்து ஆகியவற்றைக் கூறும் மூன்று பாசுரங்களின் முடிவில் ஆழ்வார் தம்மை 'அடியேன்' என்கிறார். திருவாயை அடைந்தவுடன் அச்சொல் நழுவி 'என்னை' என்று வருகிறது. 'ஐயோ' என்ற விளியும் அங்கேதான் முதலில் எழுகிறது. சேஷத்வத்தைத் தெளிந்து சொல்லும் நிதானம் அழகின் முன் குலைந்தமை இதனால் புலனாகும். எல்லா வினைகளையும் ஒன்றாக்கும் உரையில் இந்தத் திருப்பம் தெரியாது.

'நிறை' என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. திருக்குறளின் 126ஆம் அதிகாரம் 'நிறையழிதல்'. காதலால் தலைவியின் அடக்கம் உடைவதைக் கூறுவது. அதை ஆழ்வார் தலைவி நிலையை ஏறிட்டுக்கொள்ளாமல், தாமான தன்மையிலேயே நின்று சொல்கிறார். நெய்தல் நிலத்தின் இரங்கல் அரங்கத்தின் திருமுற்றத்தில் கேட்கிறது.

அந்நெய்தலுக்கு இன்றும் சான்றாக நிற்பது மரக்காணத்து உப்பளக் கரை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன், வறிய பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்துவது அந்நூல். அங்கே வள்ளலின் புகழ் இழுக்கிறது. பாணன் வழிகேட்டு நடக்கிறான். பரிசில் பெற்று மீள்கிறான். திருவரங்கத்துப் பாணரோ தென்கரையில் நின்றவர். அரங்கனின் நியமனத்தால் லோகஸாரங்கமுனிவர் அவரைத் தோளில் சுமந்து சென்றார், அவர் மீளவுமில்லை. ஆற்றுப்படையின் வழி இங்கே தலைகீழானது. ஸ்வாமி தேசிகன் இப்பிரபந்தத்துக்கு அருளிய வியாக்கியானத்துக்கு முனிவாஹனபோகம் என்று பெயரிட்டதில், சுமந்து செல்லப்பட்டமையும் அநுபவமும் ஒருசேர அடங்கியுள்ளன.

இவ்வாறு கொள்ளப்பட்டவனுக்கு 'தான்' என்பது மிஞ்சுமா என்று கேட்கலாம். நீரில் இட்ட உப்பைக் கண்ணால் காண இயலாது, சுவையால் அறியலாம் என்று சாந்தோக்யத்தில் உத்தாலகர் ச்வேதகேதுவுக்குக் காட்டியது உள்நிற்கும் ஸத்தை உணர்த்தவே. ஜீவன் கரைந்து இல்லாமற் போவதற்கு அதனை த்ருஷ்டாந்தமாக்குவது எம்பெருமானார் தரிசனத்துக்கு ஒவ்வாது. ஆழ்வாரும் கரைந்து மறைந்தவராகப் பேசவில்லை. சிந்தை போயிற்று, நிறை போயிற்று என்று இழந்தவற்றை எண்ணிச் சொல்லும் ஒருவர் இருக்கிறார். கண்ட கண்கள் வேறொன்றைக் காணா என்று முடிக்கும்போதும் அக்கண்கள் அவருடையனவே. கொள்ளையடித்தவன் கொள்ளைகொடுத்தவனை அழிக்காமல், தன்னை அநுபவிக்க வைத்திருக்கிறான்.

ஆகவே பொழிப்புரை எழுதுவோர் ஆழ்வார் இட்ட வினையை இட்டபடியே வைத்துப் பொருள் கூறுதல் நலம். ஆட்கொண்டதை ஆட்கொண்டது என்றும், கவர்ந்ததைக் கவர்ந்தது என்றும் சொன்னால் போதும். இழுத்தவன் யார் என்பது கற்பவனுக்குத் தானே விளங்கும்.