மலைப்பாதையும் மூலதனமும்: மொன் பிளாங் நெடுவோட்ட வீரர்களின் எதிர்ப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு நாடகம் யாருடைய பணத்தில் மேடையேறுகின்றது, ஒரு நூல் யாருடைய அச்சகத்திலிருந்து வெளிவருகின்றது எனக் கேட்கும் திறனாய்வாளர், ஓர் ஓட்டப்போட்டி யாருக்குச் சொந்தமானது என்று கேட்பது அரிது. விளையாட்டை ஓய்வுநேரத்துக்குரியதென ஒதுக்கி, கலை இலக்கியங்களை மாத்திரம் சமூகவியல் நோக்கில் ஆராயும் போக்கே இதற்குக் காரணமாகும். அக்கேள்வியை 2024 ஜனவரியில் ஓட்டவீரர்களே கேட்க நேர்ந்தது. ஸ்பெயினின் கற்றலோனியாவைச் சேர்ந்த கிலியன் ஜோர்னெற், அமெரிக்கரான ஸக் மில்லர் ஆகிய இருவரும் முன்னணி மலைப்பாதை ஓட்டவீரர்களுக்குத் தனிப்பட எழுதிய மின்னஞ்சலொன்று அம்மாத இறுதியில் வெளியே கசிந்தது. அவ்வாண்டு மொன் பிளாங் மலையைச் சுற்றி நடைபெறவிருந்த யூ.ரி.எம்.பி. போட்டியில் பங்குபற்றாது விடுவது பற்றி அம்மடல் சக வீரரிடம் பேசியது. இதனை இரு நட்சத்திர வீரருக்கும் ஒரு நிருவாகத்துக்கும் இடையிலான மனத்தாங்கலாகக் கொள்வது எளிது. ஆயின் அம்மடலின் பின்னணியில் இருந்தது ஓர் உடைமைப் பிரச்சினையாகும். அதனைக் காணாதவிடத்து அம்மடலின் நியாயமும் புலப்படாது, அதன் குறைபாடும் புலப்படாது.

மரதன் ஓட்டத்தின் 42 கிலோமீற்றரைத் தாண்டிய எத்தூரமும் நெடுவோட்டம் எனப்படும். யூ.ரி.எம்.பி. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீளமானது. பிரான்ஸின் ஷமோனி நகரில் தொடங்கி, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளினூடாக மீண்டும் ஷமோனியை அடைவது. ஏறவேண்டிய உயரம் மொத்தம் 10,000 மீற்றர் வரை ஆகும். முதலிடம் பெறுவோர் இருபது மணித்தியாலம் அளவில் ஓடிமுடிக்க, ஏனையோருக்கு நாற்பத்தாறரை மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு. கதரின் பொலெற்றி, மிஷேல் பொலெற்றி தம்பதியரும் அவர்தம் நண்பரும் 2003இல் இதனை முதன்முதல் நடத்தியபோது ஏறத்தாழ 700 பேர் ஓடத் தொடங்கினர். கடுங்குளிரும் மழையும் போக எஞ்சியோர் 67 பேரே. ஆண்களுள் முதலாவதாக வந்தவர் நேபாளத்திற் பிறந்த டாவா ஷேர்ப்பா.

இத்தகைய தொடக்கத்தைக் கொண்டு, மலையோட்டம் ஒருகாலத்தில் பணத்தின் வாடையே படாத தூய துறையாக இருந்தது என்றும் பின்னரே கம்பனிகள் வந்து அதனைக் கெடுத்தன என்றும் பேசுவோர் உளர். எதிர்ப்பாளரின் எழுத்துக்களிலும் இத்தொனி அடிக்கடி கேட்கின்றது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்னும் சுரங்க நகரம் உள்ளது. அதன் வாழ்வாதாரமாயிருந்த கிளைமக்ஸ் மொலிப்டினச் சுரங்கம் 1982இல் மூடப்பட்டதும் நகரமே வேலையற்றோர் நகரமாயிற்று. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருள் ஒருவரான கென் குளோபர் மறு ஆண்டிலேயே அங்கு நூறு மைல் ஓட்டமொன்றைத் தொடங்கினார். நூறு மைல் ஓடவருபவன் இரவு தங்கியாக வேண்டும், தங்கினால் உண்டாக வேண்டும் என்பதே அவர் கணக்கு. ஆகவே வருவாய் நோக்கம் இவ்வோட்டத்தின் தொட்டிலிலேயே இருந்தது. ஆனால் அவ்வருவாய் விடுதிக்காரருக்கும் உணவுக்கடைக்காரருக்கும், மொத்தத்தில் அந்நகருக்கும் உரியதாயிருந்தது. 2010இல் அப்போட்டி லைவ் ரைம் என்னும் உடற்பயிற்சி நிலையக் கம்பனிக்கு விற்கப்பட்டபோது மாறியது இந்த உறவே. பணம் வந்ததா இல்லையா என்பதைவிட அது எவரிடம் சேர்ந்தது, எவர் தீர்மானித்தார் என்பன பயன்மிக்க வினாக்களாகும்.

இவ்வினாக்களோடு யூ.ரி.எம்.பி.யை நோக்குமிடத்து 2021 மே மாதம் ஒரு திருப்புமுனையாக அமைகின்றது. அம்மாதத்தில் பொலெற்றி குடும்பத்தின் நிறுவனம் அயன்மான் குழுமத்தோடு கூட்டுச்சேர்ந்தது. அயன்மான் குழுமமும் அதில் ஒரு பங்கைப் பெற்றது. அயன்மானின் கதையே ஒரு தனிப் பாடம். 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் தமக்குள் பந்தயம் போட்டு நீந்தி, மிதிவண்டியோட்டி, ஓடிய ஒரு விளையாட்டு அது. கைக்குக் கை மாறி, 2015இல் சீனாவின் வண்டா நிறுவனத்துக்கு 65 கோடி டொலருக்கும், 2020இல் அமெரிக்காவின் அட்வான்ஸ் பதிப்பக நிறுவனத்துக்கு 73 கோடி டொலருக்கும் விலைப்பட்டது. விற்கப்பட்டது யாது? கடலும் வீதியும் எவருடைய சொத்துமல்ல. ஓடுபவரின் உடலுழைப்பு அவர்தம் சொந்த உழைப்பு. பெயரும், அப்பெயரின்பால் ஓடுவோருக்கு உள்ள ஆவலுமே பண்டமாயின.

அவ்வாவலை ஒழுங்குபடுத்தி விற்கும் பொறிமுறை யூ.ரி.எம்.பி.யிலும் விரைவில் வந்துசேர்ந்தது. 2022இல் தொடங்கிய உலகத் தொடர்ப் போட்டிகளோடு 'ஓட்டக் கற்கள்' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. முன்னர் ஷமோனிக்குச் செல்ல விரும்பும் ஒருவர் உலகெங்கும் வெவ்வேறு அமைப்பாளர் நடத்தும் போட்டிகளில் ஓடிப் புள்ளிகள் சேர்த்துச் சீட்டிழுப்பிற் சேரலாம். புதிய முறையின்படி, யூ.ரி.எம்.பி. பெயர்பூண்ட தொடர்ப் போட்டிகளில் ஓடினால் மாத்திரமே கல் கிடைக்கும். சிறிய தூரத்துக்கு ஒரு கல், நூறு மைலுக்கு நான்கு கற்கள், கண்டத்துக்கு ஒன்றாக அமைந்த பெரும் போட்டிகளில் அவற்றின் இருமடங்கு. ஒவ்வொரு கல்லும் சீட்டிழுப்பில் ஒரு வாய்ப்பு. 2024ஆம் ஆண்டளவில் அத்தொடரில் நாற்பதுக்கு மேற்பட்ட போட்டிகள் இருந்தன. சுருங்கக் கூறின், ஒரு வாசலில் நுழைய விரும்புபவர் முதலில் அதே வீட்டுக்காரரின் ஏனைய கடைகளிற் பொருள் வாங்கிவர வேண்டும். வாங்கினாலும் நுழைவு நிச்சயமில்லை. ஊர் மன்றங்களும் நண்பர் குழுக்களும் நடத்தும் சிறு போட்டிகளுக்கு இது இழைத்த தீங்கு வெளிப்படை. அவற்றில் ஓடியவருக்கு மகிழ்ச்சி கிட்டலாம், கல் கிட்டாது.

இவ்வாறு கனன்றிருந்த மனக்குறை 2023இல் மூன்று வழிகளில் வெளிப்பட்டது. அவ்வாண்டு போட்டியின் பெயரோடு டாசியா என்னும் மோட்டார் வாகனப் பெயர் ஒட்டப்பட்டது. இது றெனோ குழுமத்தைச் சேர்ந்த ருமேனியக் கம்பனி. பனிமலைகள் உருகிவரும் பள்ளத்தாக்கில் ஓடுபவரின் மார்பில் வாகன விளம்பரம் தொங்குவதா எனப் பிரித்தானிய ஓட்டவீரர் டேமியன் ஹோல் முதலியோர் அமைத்த 'பசுமை ஓட்டவீரர்' குழு மனுவொன்றைத் திரட்டியது. போட்டியின் காபன் சுமையிற் பெரும்பங்கு ஓடவருவோரின் பயணத்தால் விளைவது என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். எனினும் அதனைக் கூறி அவர்களை மடக்குவது நேர்மையான வாதமாகாது. தவறொன்றைச் செய்ய நேர்பவன் அதனை விளம்பரப்படுத்தவும் உடன்பட வேண்டும் என்னும் நியதி எங்குமில்லை.

இரண்டாவது, கனடாவின் விஸ்லர் விவகாரம். அங்கு காரி றொபின்ஸ் என்னும் ஓட்டவீரரின் குழு நடத்திவந்த மலையோட்டம், அம்மலையின் பனிச்சறுக்குத் தலத்தை உடைமையாகக் கொண்ட வெயில் றிசோட்ஸ் கம்பனியோடு இணக்கம் ஏற்படாமையாற் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதே மலையில் யூ.ரி.எம்.பி. தொடர்ப் போட்டியொன்று அறிவிக்கப்பட்டது. உள்ளூர்ப் போட்டியைத் தாம் வெளியேற்றியதாகக் கூறப்பட்டதை நடத்துநர் தரப்பு ஏற்கவில்லை. எவர் எப்போது எதனை அறிந்திருந்தார் என்பது பற்றிய வழக்கை இங்கு தீர்க்க வேண்டியதில்லை. மலைக்கான அனுமதி ஒரு கம்பனியின் கையிலும், போட்டிக்கான பெயர் இன்னொரு கம்பனியின் கையிலும் இருக்கும்போது இடையில் நிற்கும் சிறு அமைப்பாளருக்கு நேரக்கூடியது இதுவே என்பது போதும். இவற்றோடு, போட்டியின் ஒளிபரப்பு வர்ணனையாளராயிருந்த ஓட்டவீராங்கனை கொறின் மல்கம் அப்பணியிலிருந்து நீக்கப்பட்ட செய்தியும் சேர்ந்துகொண்டது.

ஜனவரி மடல் இப்பின்னணியில் எழுந்தது. அதனை எழுதியோரின் நிலை முரண்பாடு மிக்கது. யூ.ரி.எம்.பி.யில் நெடுங்காலம் பணப்பரிசு இருக்கவில்லை. பின்னர் ஏற்பட்ட முதற்பரிசும் அப்போது 10,000 யூரோ அளவினதாகவே இருந்தது. ஆண்டு முழுவதும் மலையிற் பயிலும் ஒருவர் இதனைக் கொண்டு வாழ முடியாது. சப்பாத்துக் கம்பனிகளின் அனுசரணையே அவரது ஊதியம். அவ்வனுசரணையோ அவர் ஷமோனியில் எத்தனையாம் இடம் பெறுகிறார் என்பதைப் பொறுத்தது. எனவே யூ.ரி.எம்.பி.யைப் புறக்கணிக்குமாறு கேட்பது, ஒரு கம்பனியின் பிடியிலிருந்து விடுபடும்பொருட்டு இன்னொரு கம்பனியின் கோபத்துக்கு ஆளாகுமாறு கேட்பதாகும். ஜோர்னெற் இதில் ஓரளவு விதிவிலக்கானவர். 2008, 2009, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் அப்போட்டியில் வென்ற அவர், நெடுங்காலம் சலமோன் கம்பனியின் வீரராயிருந்து விலகி, கம்பர் என்னும் சப்பாத்துக் கம்பனியோடு சேர்ந்து 2022இல் சொந்த வணிகப் பெயரொன்றை நிறுவினார். மறுக்கும் சுதந்திரம் அவருக்கு வாய்த்தது அவரும் ஒரு கம்பனியின் பங்காளி ஆனமையினாலேயே. இதைச் சுட்டி அவரது நேர்மையை ஐயுறுவோர் உண்டு. அது பொருந்தாது. முதலாளியத்துக்கு வெளியே நின்றுதான் அதனை விமரிசிக்க வேண்டுமெனின் விமரிசிப்பதற்கு எவரும் எஞ்சார். ஆனால், அச்சுதந்திரம் இல்லாத இளம் வீரரிடம் அதே துணிவை எதிர்பார்த்தமை மடலின் முதற் பலவீனம் எனலாம்.

இரண்டாவது பலவீனம் அதனிலும் பெரிது. மடல் முன்னணி வீரருக்கு எழுதப்பட்டது, அதுவும் இரகசியமாக. உயர்ந்த சுட்டெண் பெற்ற வீரருக்குச் சீட்டிழுப்பின்றி நுழையும் வழி உண்டு. கற்களைச் சுமப்பவர், விமானச்சீட்டும் விடுதிக்கூலியும் பதிவுக்கட்டணமும் தம் சம்பளத்திலிருந்து செலுத்தும் சாதாரண ஓட்டக்காரர். போட்டி வாரத்தில் ஷமோனியிலும் அயலூர்களிலும் ஓடும் ஏறத்தாழ 10,000 பேரிற் பெரும்பாலோர் அவர்களே. நள்ளிரவில் கணவாய்களில் நின்று சுடுநீரும் சூப்பும் வார்க்கும் தொண்டர்களும் மடலின் பெறுநர் பட்டியலில் இல்லை. 2022இல் தோன்றிய தொழில்முறை மலைப்பாதை ஓட்டவீரர் சங்கமும் பெயருக்கேற்பத் தொழில்முறை வீரரின் நலனையே முதன்மையாகக் கொண்டது. அது தன்னளவில் தேவையான அமைப்பே. கசிவின் பின்னர் இருவரும் பொது விளக்கமளித்து நடத்துநருடன் பேச்சில் இறங்கியபோது, பேச்சுமேசையில் சாதாரண ஓட்டக்காரருக்கு நாற்காலி இருக்கவில்லை.

சாதாரண ஓட்டக்காரரால் எதுவும் ஆகாது என்பாருக்கு ஓர் உதாரணம் உண்டு. 2018இல் சோஃபி பவர் என்னும் பிரித்தானியப் பெண், மூன்று மாதக் குழந்தையைப் பெற்றவராய் யூ.ரி.எம்.பி.யில் ஓடினார். காயமுற்றவருக்குப் பதிவை ஒத்திவைக்க இடமளித்த விதி, கருவுற்றவருக்கு அதனை அளிக்கவில்லை. இத்தாலியப் பகுதியில் ஒரு நிலையத்தில் அமர்ந்து அவர் குழந்தைக்குப் பாலூட்டிய புகைப்படம் உலகெங்கும் பரவியது. மகப்பேற்றுக்கான ஒத்திவைப்பு விதி பின்னாளில் ஏற்பட்டது. அவர் வெற்றிமேடை ஏறியவருமல்லர், அனுசரணை பெற்ற வீரருமல்லர்.

மாற்று ஒழுங்கு சாத்தியமா என்னும் வினாவுக்கு அமெரிக்காவின் வெஸ்ரேர்ன் ஸ்ரேற்ஸ் ஓட்டம் ஓரளவு விடை தருகின்றது. 1974இல் கோடி எய்ன்ஸ்லி என்பவர் குதிரைகளுக்கான நூறு மைல் போட்டிப் பாதையில் குதிரையின்றி ஓடி 24 மணித்தியாலத்துக்குள் முடித்தமையே அதன் மூலம். இன்று அதனை நடத்துவது இலாபநோக்கற்ற ஓர் அறநிலையம். வனப்பகுதி அனுமதியின்படி 369 பேரே ஓடலாமாகையால் அங்கும் சீட்டிழுப்பு உண்டு. ஆனால் சீட்டு வளரும் முறை வேறு. பல்வேறு அமைப்பாளர் நடத்தும் தகுதிப் போட்டிகளுள் ஒன்றை ஆண்டுதோறும் முடித்து விண்ணப்பித்து வருபவருக்கு, தெரிவாகாத ஒவ்வோர் ஆண்டும் சீட்டு இருமடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும். அங்கே பொறுமை பெருக்கப்படுகின்றது, ஷமோனியிலோ கொள்வனவு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஹோக்கா என்னும் சப்பாத்துக் கம்பனி இரு போட்டிகளுக்கும் அனுசரணை வழங்குகின்றது. 2024 முதல் யூ.ரி.எம்.பி.யின் பெயரோடும் அது இணைந்தது. ஒரே கம்பனி, ஒரே பதாகை. எனினும் வெஸ்ரேர்ன் ஸ்ரேற்ஸில் அது விருந்தாளி. விதியை வகுக்கும் சபை பங்குதாரருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதன்று. அனுசரணையையும் உடைமையையும் ஒன்றாகக் குழப்பியமை எதிர்ப்பாளரின் முழக்கங்களிற் பலவற்றை மழுங்கச் செய்தது. டாசியாவின் பெயர் அகன்று ஹோக்காவின் பெயர் வந்தபோது ஒரு வெற்றி கிட்டியதாக எண்ணியோர் உண்டு. கற்களின் விதியோ அவ்வாறே இருந்தது.

2024 ஓகஸ்ட் இறுதியில் போட்டி வழமைபோல் நடந்தது. பெண்களில் அமெரிக்கரான கேற்றி ஷைட் புதிய பாதைச் சாதனையோடு வென்றார். ஆண்களில் வென்ற பிரெஞ்சுக்காரர் வின்சன் பூய்யார் தொழில்முறை வீரரல்லர். ஹோக்கா கம்பனியின் சப்பாத்து வடிவமைப்பில் ஈடுபட்ட பொறியியலாளர். வீரர்களின் புறக்கணிப்புப் பேசப்பட்ட ஆண்டிலேயே கம்பனியின் ஊழியரொருவர் அலுவலக விடுமுறையில் வந்து வென்றமையை எந்தப் புனைகதையாசிரியரும் எழுதத் தயங்குவார். ஜோர்னெற் அங்கு இருக்கவில்லை. அவ்வாரத்தில் அவர் அல்ப்ஸ் மலைத்தொடரின் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட 82 சிகரங்களையும் மிதிவண்டியாலும் கால்நடையாலும் இணைத்து ஏறும் பயணத்தின் இறுதிக்கட்டத்தில் இருந்தார். பத்தொன்பது நாட்களில் அது முடிந்தது. அப்பயணத்துக்குப் பதிவுக்கட்டணமோ கல்லோ தேவைப்படவில்லை. ஆனால் அவ்வாறு செல்லக்கூடியவர் உலகில் ஒரு சிலரே. கற்களைச் சேர்த்துக்கொண்டிருந்த ஏனையோர் அடுத்த ஆண்டுச் சீட்டிழுப்புக்குப் பெயர் கொடுத்தனர்.