ஆட்டக் கணிதத்தின் தந்தை யார்?

ஆட்டத்தில் எப்படி ஆடுவது நன்று என்பதைக் கணிதம் வகுத்துரைக்க முடியுமா? இவ்வினாவை முறைப்பட எழுப்பிய பெருமை யாருக்குரியது என்பது பற்றி, 1953ஆம் ஆண்டில் 'எக்கனாமெட்ரிக்கா' என்னும் ஆய்விதழில் ஒரு வழக்கு எழுந்தது.

பிரெஞ்சு அறிஞர் எமில் பொரேல் 1921 முதல் 1927 வரை இதுபற்றி மூன்று குறிப்புகள் எழுதினார். 'ஒற்றையா இரட்டையா' ஆட்டத்தில் ஒருவன் எப்போதும் ஒற்றைப்படவே காய்களை மறைத்தால் எதிரி கண்டுகொள்வான்; ஒழுங்கு தெரியாதபடி கலந்து வைப்பதே காப்பாகும். இவ்வாறு வழிகளைக் கலந்தாடுவதைப் பொரேல் கணிதமாக ஆராய்ந்தார். எனினும், வழிகள் பலவாகப் பெருகினால் தக்கதொரு கலவை என்றும் கிடைக்குமா என ஐயுற்றார்.

அவ்வையத்தை நீக்கியவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நியூமன். இருவர் ஆடுமிடத்து ஒருவர் பெறுவதே மற்றவர் இழப்பதாயின், எண்ணத்தக்க வழிகள் எத்தனை இருப்பினும் அத்தகைய கலவை உண்டு என 1928இல் நிறுவினார்.

பொரேலே இத்துறையைத் தொடங்கியவர் என்று மாரிஸ் பிரெஷே வாதிட்டார். அத்தேற்றம் இன்றி ஆட்டக் கணிதமே இல்லை என்று வான் நியூமன் மறுத்தார்.

தேற்றத்தின் புகழ் வான் நியூமனுக்கே உரியது. ஆனால் அவர் மறுப்பு முற்றும் ஏற்கத்தக்கதன்று. அவரும் மார்கன்ஸ்டர்னும் 1944இல் வெளியிட்ட பெருநூலில் தந்த எளிய நிறுவல், ழான் வீல் 1938இல் காட்டிய வழியைப் பின்பற்றியது. வீலின் நிறுவலோ பொரேலின் நூல்வரிசையில் வெளிவந்ததாகும்! வினா தொடுத்தவரை மறந்து விடை கண்டவரை மட்டும் போற்றுதல் கல்விக்கு அழகன்று. இத்துறையைக் கற்பிப்போர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.