கல் விழிக்கும் கதைகளும் இசக்கியும்

கார்காயில் என்பது ஐரோப்பிய தேவாலயங்களின் கூரைநீரைச் சுவரில் படாமல் தள்ளிக் கொட்டும் கல்தூம்பு. விலங்கு அல்லது பூத வடிவில் செதுக்கப்படும். தொண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ரூவான் நகரை வருத்திய ஒரு நீர்நாகத்தைப் புனித ரோமானுஸ் அடக்கினார், அதன் எரியாத தலை சுவரில் பதிக்கப்பட்டது என்பது இதன் தொன்மம். பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற பூதம் 19-ஆம் நூற்றாண்டுப் புதுப்பித்தலில் வைக்கப்பட்டது. அது தூம்பும் அல்ல. பகலில் கல்லாகவும் இரவில் உயிராகவும் இருக்கும் கார்காயிலைப் பரவலாக்கியது 1994-ல் வெளிவந்த டிஸ்னி தொலைக்காட்சித் தொடர்.

தமிழ் மிகுபுனைவு எழுத வருபவர்கள் இந்த அச்சில் யாளியைப் பொருத்திப் பார்க்கிறார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிராகாரம் போன்ற ஓர் இடம், நள்ளிரவு, தூணிலிருந்து இறங்கும் யாளி. யாளி முன்பு உண்மையிலேயே வாழ்ந்த விலங்கு என இணையத்தில் சுற்றும் ஆதாரமற்ற செய்தியும் இதற்குத் துணை. தூம்புக்கு இணை தேடினால் அபிஷேகநீர் வெளியேறும் கோமுகியைத்தான் சொல்லவேண்டும், ஆனால் அதை எவரும் விழிக்கச் செய்வதில்லை. என் மறுப்பு வேறு. தூணிலிருந்து இறங்கும் யாளிக்கு இறங்குவதற்கு ஒரு காரணம் இல்லை. அதற்குக் கதை இல்லை, மனக்குறை இல்லை. பிளிறி, பறந்து, வில்லனைக் கொன்றபின் மீண்டும் தூணுக்குப் போகிறது.

நாஞ்சில்நாட்டுத் தொன்மங்களில் ஓட்டம் இதற்கு நேர் எதிரானது. இங்கே உலவுவது முதலில், கல்லில் அமர்வது முடிவில். முப்பந்தல் இசக்கியின் கதையை வில்லுப்பாட்டில் பரவலாகப் பாடப்படும் வடிவில் பார்க்கலாம். காதலன் நகைக்காகத் தன் மடியில் உறங்கியவளின் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாட்சியாக நிற்பது ஒரு கள்ளிச்செடி. மறுபிறவியில் நீலியாக வரும் அவள் ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியாகப் பிறந்திருக்கும் அவனைத் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் வழக்காடுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. சபை நம்பிவிடுகிறது. உயிரற்ற ஒன்று உயிர்பெறும் மாயம் இதுதான். அது பொய்ச்சாட்சியாக வருகிறது, ஆனால் முற்பிறவிக்கொலைக்கு உண்மையான சாட்சியும் அந்தக் கள்ளிதானே? இந்த முடிச்சின் அருகே நிற்கத்தக்க எதையும் இறக்கை முளைத்த யாளியில் நான் கண்டதில்லை.

பழிதீர்த்தபின் அவள் நிலைநிறுத்தப்படுகிறாள். வாயிலும் கையிலும் குழந்தையுடன் நிற்கும் இசக்கியின் உருவம் எந்த கார்காயிலுக்கும் குறையாத அச்சம் தருவது. பிள்ளை வேண்டுபவர்கள் அவளிடமே செல்கிறார்கள். இரவில் சிலை எழுந்து நடக்கும் என்பது இந்த வழிபாட்டின் மையம் அல்ல. கொடை அன்று வில்லுப்பாட்டு உச்சம் கொள்ளும்போது அசைவது கோமரத்தாடியின் உடல்தான். கல் அங்கேயே இருக்கிறது.

வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சி, மந்திரவாதி ஆணியறைந்து மரத்தில் நிறுத்திய யட்சி என இந்த மரபில் கதைகள் ஏராளம். ‘சுண்ணாம்பு கேட்ட இசக்கி’ என்றே நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாளின் நூல் ஒன்றுக்குத் தலைப்பு. நவீன எழுத்தில் இதை நுட்பமாகக் கையாண்டது ஜெயமோகனின் ‘காடு’. கிரிதரன் காதலிக்கும் மலைமகளின் பெயர் நீலி. பெயர் தெரிந்த கணத்திலிருந்து வாசகனால் அவளை வெறும் பெண்ணாகப் பார்க்கமுடிவதில்லை. அதற்கு அவள் பறக்கவேண்டியதில்லை. நீலி கதை தெரியாத வாசகனுக்கு அந்நாவல் பாதிதான் திறக்கும். யாளிக்கதைகளை வாசிக்க எந்தக் கதையும் தெரிந்திருக்கவேண்டியதில்லை, அவை பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.