ஷாக் கொடுக்கும் முன் சொட்டு எண்ணுங்கள்

வீட்டு நீச்சல்குளம் பச்சை பிடித்துவிட்டால் பலரும் நேராக கெமிக்கல் கடைக்குப் போகிறார்கள். ஷாக் கொடுக்க, அதாவது குளோரின் அளவை ஒரேயடியாக உயர்த்த, குளோரின் வாங்கிவந்து கைக்கு வந்த அளவில் கொட்டுகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் தெளிந்து, மறுபடி பச்சையாகிறது. என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது சொட்டு எண்ணி அளக்கும் டெஸ்ட் கிட்தான்.

நான் பயன்படுத்துவது டெய்லர் கே-2006. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உறவினர் வீட்டுக் குளம், சுமார் 50,000 லிட்டர். மழைக்காலம் முடிந்தபோது இலையும் பாசியுமாக அடித்தரையே தெரியாமல் கிடந்தது. அதைத் தேற்றியதில் பாதிப் பெருமை இந்த நீலப் பெட்டிக்கு என்று தயங்காமல் சொல்வேன்.

மஞ்சள் நிறம் காட்டும் மலிவான ஓடிஓ கிட் மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினும் அந்தக் கணக்கில் வந்துவிடும். கண்ணை எரிக்கும் அந்த ‘குளோரின் வாடை’ இந்தச் சேர்மானத்தின் வாடைதான். வாடை தூக்கலாக இருந்தால், கிருமியைக் கொல்லும் குளோரின் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். இளஞ்சிவப்பைப் பார்த்து ஒப்பிடும் சாதாரண டிபிடி கிட்டில் வேறு ஆபத்து. ஷாக் அளவுக்குக் குளோரின் ஏறியதும் நிறம் வெளுத்துப்போய், தண்ணீரில் குளோரினே இல்லாததுபோல் காட்டும். அதை நம்பி மேலும் கொட்டுவார்கள்.

கே-2006 இந்த இரண்டு சிக்கலையும் தாண்டுகிறது. 10 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டால் நல்ல இளஞ்சிவப்பு வரும். அது மறையும்வரை சொட்டு சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு அரை பிபிஎம். ‘இது இளஞ்சிவப்பா, இன்னும் வெளிறியதா’ என்று வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வேலை இல்லை. பிறகு இன்னொரு மருந்தில் ஐந்து சொட்டு விட்டு, நிறம் திரும்பி வந்தால், சேர்ந்துபோன குளோரின் எவ்வளவு என்பதையும் அதேபோல் எண்ணிவிடலாம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது சயனூரிக் அமிலச் சோதனை. கலங்கிய கரைசலைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து, அடியிலுள்ள கறுப்புப் புள்ளி எந்த அளவில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அமிலம் வெயிலிடமிருந்து குளோரினைக் காப்பாற்றும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. அதற்கு மேல் ஏற ஏற, குளோரினையே கட்டிப்போட்டுவிடும். டிசிசிஏ எனும் குளோரின் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போதெல்லாம் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. குளோரின் செலவாகும், அமிலம் தங்கிவிடும். மாத்திரையையே நம்பியிருந்த அந்தக் குளத்தில் புள்ளி 100 கோட்டுக்கு முன்பே மறைந்துவிட்டது, அதாவது அமிலம் 100-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் எவ்வளவு ஷாக் கொடுத்தாலும் காசுதான் கரையும். தண்ணீரை மாற்றுவதே வழி. நாங்கள் பகுதி பகுதியாகத்தான் இறைத்தோம். மழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலே நிற்கும் கடலோர மண்ணில் குளத்தை ஒரேயடியாகக் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தத்தில் தொட்டியே மேலெழும்பி விரிசல் விடலாம்.

அமிலம் 40-க்கு இறங்கியதும் பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவந்து, பொழுது சாய்ந்த பிறகு ஷாக் கொடுத்தோம். குளோரினுக்கான இலக்கு, அமில அளவில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 16 பிபிஎம். 50,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் ஏறக்குறைய 770 கிராம் பிடிக்கும். 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 5 லிட்டர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீர் என்பதால் கால்சியம் சேராத திரவத்தை எடுத்தோம். சாதாரண பிளீச்சிங் பவுடரை நான் பரிந்துரைக்க மாட்டேன், சுண்ணாம்பு வண்டல் தண்ணீரைக் கலக்கிவிடும்.

திரவக் குளோரின் சூட்டில் வீரியம் இழக்கும். கேனில் 10 சதவீதம் என்று அச்சிட்டிருந்தாலும், ஊற்றி அரை மணி நேரம் பம்ப் ஓடியபின் அளந்தால்தான் உண்மை தெரியும். எதிர்பார்த்த ஏற்றத்தில் பாதிதான் வந்தது. கிட் இல்லாவிட்டால் கணக்குச் சரி என்று எண்ணித் தூங்கப் போயிருப்போம். ஷாக் முடிந்ததா என்பதையும் சொட்டுதான் சொல்ல வேண்டும். இருட்டியபின் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் அளந்து, இறக்கம் 1 பிபிஎம்முக்குள் இருந்து, சேர்ந்த குளோரின் அரை பிபிஎம்மைத் தாண்டாமல், தண்ணீரும் தெளிந்திருந்தால் போதும். அதுவரை அளவை இறங்கவிடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

டிசிசிஏ மாத்திரையையும் கால்சியம் ஹைப்போவையும் ஒரே வாளியில், ஒரே ஸ்கூப்பில்கூடத் தொடவிடாதீர்கள், தீப்பற்றும். ஆசிட்டோடு எந்தக் குளோரின் கலந்தாலும் நச்சுவாயு கிளம்பும். துகளைக் கரைப்பதானால் தண்ணீரில் துகளைப் போடுங்கள், துகள்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இந்த வகைக் கிட்களின் மருந்துகளுக்கு ஆயுள் உண்டு. பம்ப் ரூம் சூட்டில் வைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு பேர் குளிக்கும் குளத்துக்கே இதை வாங்கச் சொல்வேன். வார இறுதிகளில் வாடகைக்கு விடும் பண்ணைவீட்டுக் குளங்களில், ஒவ்வொரு குழுவும் இறங்குவதற்கு முன்பும் காவலாளி சொட்டு எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.