முகமூடியும் முகமும்: குன்னார் ஹான்சனின் நடிப்பு

நடிகனுக்கு முதற் கருவி அவன் முகம். அடுத்த கருவி அவன் குரல். இவ்விரண்டையும் துறந்த ஒருவன் அவையோர் நெஞ்சை ஆளுதல் கூடுமோ என்பது நாடகக் கலையை ஆராய்வோர் எழுப்பத்தக்க வினாவாகும். அதற்கு விடை தரும் சான்றொன்று, கற்றோர் பெரிதும் மதியாத திகிற்பட உலகிலே கிடைக்கின்றது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ரெக்சாஸ் செயின் சோ மசக்கர்’ என்னும் படத்தில் ‘லெதர்ஃபேஸ்’, அதாவது ‘தோல்முகன்’, என்னும் கொலைஞனாக நடித்தவர் குன்னார் ஹான்சன். படம் முழுவதிலும் அவர் முகம் ஒருமுறையேனும் காணப்படுவதில்லை. பொருளுடைய சொல் ஒன்றேனும் அவர் வாயிற் பிறப்பதில்லை. எனினும், பிற்காலத்தில் இரசிகர் மகாநாடுகளிலே மக்கள் அவரை நாடி வந்து, வரிசையில் நின்று கையொப்பம் பெற்றுச் சென்றனர். அவர்கள் கண்டு மகிழ்ந்தது முகமூடியையா, அதனுள் இருந்த மனிதனையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஹான்சன் 1947இல் ஐஸ்லாந்து நாட்டின் தலைநகராகிய ரெய்க்யவிக்கிற் பிறந்தார். ஐந்தாம் வயதிற் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, பின்னர் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஸ்கண்டிநேவிய இயலும் பயின்றார். ஆறடி நான்கங்குல உயரமும் அதற்கேற்ற உடற்பருமனும் வாய்ந்தவர். கல்வியிலே நாட்டங்கொண்ட இவ்விளைஞரைக் கொலைஞன் வேடத்துக்கு உரியவராக்கியது அவ்வுடலே. ஆனால் அவ்வேடத்தை நினைவில் நிற்கச் செய்தது உடல் மட்டுமன்று.

இயக்குநர் ரோப் ஹூப்பரும், அவருடன் கதையை எழுதிய கிம் ஹெங்கலும் ஒன்றரை இலட்சம் டொலருக்குக் குறைந்த முதலுடன் இப்படத்தைத் தொடங்கினர். 1973ஆம் ஆண்டுக் கோடையில், ரெக்சாஸின் கடும் வெயிலில், ஏறத்தாழ நான்கு கிழமைகளிற் படப்பிடிப்பு நிகழ்ந்தது. தோல்முகனுக்கென இருந்த சட்டை ஒன்றே. கழுவினால் அதன் சாயம் மாறிவிடும் என அஞ்சி, இறுதிவரை அதனைக் கழுவாது விட்டனர். அதன் நாற்றம் பொறாது, உணவு வேளையில் உடன் நடித்தோர் ஹான்சனின் அருகில் அமர விரும்பவில்லை. இரவுணவுக் காட்சியை ஒரு நாளுக்கு மேல் இடைவிடாது படமாக்கினர். பகலை இரவாகக் காட்டுதற்குச் சாளரங்களை மூடிய அறையில், விளக்கின் வெப்பத்தால் இறைச்சியும் எலும்பும் அழுகி நாறின. போலிக் குருதி வரும் குழாய் அடைபட்டபோது, களைப்பு மிகுதியால் நடிகை மரிலின் பேர்ண்ஸின் விரலை மெய்யாகவே கீறிவிட்டதாக ஹான்சன் பின்னர் ஒப்புக்கொண்டார். நடிப்புக்கும் செயலுக்கும் இடையே நிற்கவேண்டிய வரம்பு அவ்வேளை அழிந்துபோயிற்று. இதனை வீரமாகப் போற்றுதல் தவறு. கலையின் பொருட்டாயினும் வரம்பு வரம்பே.

அபிநயம் ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நால்வகைப்படும் என்பர் பரத நூலார். ஹான்சனுக்கு வாசிகம் இல்லை. பன்றியின் வீரிடலை ஒத்த ஒலி மட்டுமே உண்டு. உள்ளத்துணர்வை வெளிக்காட்டும் முகமும் மறைந்துவிட்டது. எஞ்சியவை உடலசைவும் வேடமுமே. இவ்விரண்டினாலும் அவர் ஒரு முழு மனிதனை ஆக்கிக் காட்டினார். மனவளர்ச்சி குன்றியோர் பயிலும் நிலையமொன்றுக்குச் சென்று அவர்தம் நடையையும் அசைவையும் நோக்கிப் பயின்றார். படத்தில் வரும் முகமூடிகள் மூன்று: கொல்லும்போது ஒன்று, சமையல் வேளையில் முதியவள் முகம் ஒன்று, இரவுணவுக்கு ஒப்பனை தீட்டிய பெண்முகம் ஒன்று. முகமூடிக்கு ஏற்ப உடலின் நடையும் மாறுகின்றது. முதலாவதில் விரைவும் வலிமையும், இரண்டாவதில் வீட்டுப் பணி செய்பவளின் பரபரப்பு, மூன்றாவதில் விருந்துக்கு அணிசெய்து வந்தோரின் பெருமிதம். முகமூடியே தோல்முகனின் இயல்பு, அதன் கீழே தனியாக ஓர் ஆள் இல்லை என்பதே ஹான்சன் கொண்ட கருத்து. அக்கருத்துக்கு இயைபாகவே அவர் உடல் நடித்தது.

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின்கண் தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். தோல்முகன் இவற்றுள் எவ்வகையினன்? தன் வீட்டினுள் நுழைந்த மூன்றாம் ஆளையும் கொன்ற பின்னர், அவன் சாளரத்தண்டை ஓடுகின்றான், வெளியே நோக்குகின்றான், பின் அமர்ந்து தலையைக் கையால் தாங்குகின்றான். இவர்கள் எங்கிருந்து வருகின்றனர், இன்னும் எத்தனை பேர் வருவர் என்னும் கலக்கம் அவ்வுடலிலே தெரிகின்றது. கண்டோரை அஞ்சுவித்தவனே அஞ்சுகின்றான். தமையனின் அடிக்கும் ஏச்சுக்கும் அவன் ஒடுங்கும் காட்சியும் அத்தகையதே. அச்சத்துக்குக் காரணமானவனிடத்திலும் அச்சத்தை வைத்துக் காட்டியமையே இந்நடிப்பின் உயிர் எனலாம். இறுதியிலே, தப்பியோடும் பெண்ணைப் பிடிக்க மாட்டாதவனாய், உதயசூரியனின் ஒளியில் இயந்திரவாளைத் தலைக்குமேல் சுழற்றி அவன் ஆடும் ஆட்டம் வெறியா, துயரா, தோல்வியா என எளிதில் வரையறுக்க இயலாது. அவ்வையமே அதனை நிலைபெறச் செய்தது.

படத்தின் குறைகளையும் மறைத்தலாகாது. உண்மை நிகழ்ச்சியெனப் பறைசாற்றப்பட்ட கதை பெரும்பாலும் கற்பனை. விஸ்கொன்சின் மாநிலத்தில் 1957இல் வெளிப்பட்ட எட் கீனின் செயல்களிலிருந்து சில கூறுகள் மட்டுமே கொள்ளப்பட்டன. மனவளர்ச்சி குன்றிய ஒருவனை அச்சத்தின் உருவாக்கியமை நெஞ்சை உறுத்துவது. ஹான்சனின் நடிப்பு அக்குறையைத் தணித்ததேயன்றி நீக்கவில்லை. இங்கிலாந்தின் தணிக்கைக் குழு 1975இல் அனுமதி மறுத்த இப்படம் 1999இலேயே அங்கு சான்றிதழ் பெற்றது. மறுபுறம், நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் அதனைத் தன் நிலையான சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. இயந்திரம் வந்தமையால் தொழிலிழந்த கொல்களத் தொழிலாளர் குடும்பத்தின் கதையாகவும் திறனாய்வாளர் இதனை நோக்கினர்.

படம் மூன்று கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. நடிகருக்கு வாக்களிக்கப்பட்ட பங்கோ, பங்குகள் பலவாறு பிரிந்தமையால் மிகச் சிறுத்துப்போயிற்று. ஹான்சன் நடிப்பைத் தொழிலாகப் பற்றிக்கொள்ளாது, 1975இல் மேய்ன் மாநிலத்திற் குடியேறி எழுத்துப் பணியை மேற்கொண்டார். அமெரிக்கக் கரையோரத் தடுப்புத் தீவுகளிற் பயணஞ்செய்து அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. இதற்கிடையில், 1988இல் பிரெட் ஓலன் ரேயின் படமொன்றின் மூலம் திகிற்பட உலகுக்கு மீண்டார். 2009இல் தாம் பிறந்த நாட்டிலேயே எடுக்கப்பட்ட திகிற்படமொன்றிலும் தோன்றினார். நடுநிலையுடன் நோக்குமிடத்து, பிற்காலப் படங்கள் அவர் பெயரைப் பயன்படுத்தின. அவர் கலையைப் பயன்படுத்தவில்லை. தோல்முகனின் முகமூடியையும் 1986இல் பில் ஜோன்சன், 2003இல் அண்ட்ரூ பிரினியார்ஸ்கி எனப் பிறர் அணிந்தனர். முகமில்லாப் பாத்திரத்தைப் படைத்தவனுக்கு நேரும் இடர் இதுவே: வேடம் யாருக்கும் பொருந்தும், படைத்தவன் மறைந்துபோவான்.

அம்மறைவை நீக்கிய இடம் இரசிகர் மகாநாடு. கிழமை இறுதியில், விடுதி மண்டபங்களில், மேசைகளை வரிசையாக இட்டு நடிகர் அமர்வர். இரசிகர் கட்டணஞ் செலுத்திக் கையொப்பம் பெறுவர், உடன் நின்று படம் எடுப்பர், மேடையில் வினாக்கள் தொடுப்பர். கலைஞன் தன் பழம்புகழை விலைகூறும் சந்தை இது எனப் பழிப்போர் உளர். அப்பழிப்பில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் படத்தின் பெருஞ் செல்வத்திற் சிறு பங்கே பெற்ற நடிகனுக்கு, தன் உழைப்பின் பயன் காலந்தாழ்ந்தேனும் வந்து சேரும் வழியும் அதுவேயாகும். அதனினும் சிறந்தது வேறொன்றுண்டு. திரையிற் காணாத முகத்தை இரசிகன் அங்கே காண்கின்றான். திரையிற் கேளாத குரலை அங்கே கேட்கின்றான். வீரிட்டலறிய தோல்முகனுக்குள்ளே நிதானமாகப் பேசும் கல்விமான் ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தபின், அவன் படத்தை மீண்டும் பார்க்கும்போது முகமூடியை மட்டுமன்றி நடிப்பையும் காண்கின்றான். திறனாய்வு செய்யவேண்டிய பணியின் ஒரு பகுதியை அம்மேசையே செய்துவிடுகின்றது.

ஹான்சன் 2013இல் வெளியிட்ட ‘செயின் சோ கொன்பிடென்சல்’ என்னும் நூல் இப்பணியை நிறைவாக்கிற்று. உடன் உழைத்தோரைக் கண்டு உரையாடி, படத்தைச் சூழ்ந்து வளர்ந்த கட்டுக்கதைகளைக் களைந்து, வெயிலும் நாற்றமும் களைப்புமாகிய உண்மையை அவர் எழுத்திலே பதித்தார். அதே ஆண்டில், தொடரின் புதிய படமொன்றிற் சிறு வேடத்தில் முகமூடியின்றியே தோன்றினார். 2015ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அறுபத்தெட்டாம் வயதில், மேய்ன் மாநிலத்தில் அவர் காலமானார்.

ஒருவன் தன் முகத்தை மறைத்துப் பெற்ற புகழை, தன் முகத்துடனும் தன் சொல்லுடனும் மீட்டுக்கொள்ளுதல் அரிது. ஹான்சன் அதனைச் செய்தார். முகமூடியை இனியும் பலர் அணிவர். ஆனால் சாளரத்தண்டை அமர்ந்து அஞ்சிய அவ்வுடல் அவருடையதேயாம்.