பிள்ளையோடு போகும் பொருள்

தேசவழமையை நம்மவர் காணி வழக்கிற்குரிய நூலாகவே படித்து வந்துள்ளனர். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்நூலின் ஒரு விதியை நாம் வேறு கண்கொண்டு பார்க்க விரும்புகிறோம். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், இளம் பிள்ளைகளை அவர்களின் அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பர். இறந்தவளின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்திற் பாதியையும் தகப்பன் பிள்ளைகளுடனேயே ஒப்படைக்க வேண்டும்.

சொத்தைக் காக்கப் பிறந்த விதிதான் இது. காணியற்ற கூலியாளின் பிள்ளைக்கு இதனால் ஆவது யாது? ஆயினும் பிள்ளை கைமாறும் நாளிலேயே பொருளும் கைமாற வேண்டுமென்ற நியாயம் அதில் உண்டு.

பிரிந்து வாழும் பெற்றோருக்கு இன்று 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கட்டுக்காப்பை மாவட்ட நீதிமன்றமும் தாபரிப்புப் பணத்தை நீதவான் நீதிமன்றமும் தீர்க்கின்றன. தாய் மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போகிறாள். பிள்ளை அம்மம்மாவிடம் வந்து சேர்கிறது. பழைய கட்டளையோ தானாக மாறுவதில்லை. நிலைமை மாறியதை நிரூபித்து மனுச் செய்தல் வேண்டும். வழக்கிற்குத் தவணை மேல் தவணை. அதுவரை பாலும் கொப்பியும் அந்தக் கிழவியின் கடன் கணக்கில் ஏறுகின்றன. பிள்ளை யாரிடம் வளர்வதென எழுதும் கட்டளையிலேயே, பணம் எந்தக் கையிற் சேர்வதென்பதையும் எழுதினால் என்ன?